பெரியப்பா கட்டிய துணியும் என் பையும்

இந்த வாரம் எழுதப்போவதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். கையைக் கழுவிவிட்டு, திண்ணையிலோ பால்கனியிலோ உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

1973ல் என் பெரியப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்து, ஆசனவாயை எடுத்துவிட்டு, இடது பக்க அடிவயிற்றில் ஒரு துவாரம் வைத்து அனுப்பினார்கள். அதை எப்படிப் பராமரிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டியைக் கிழித்து, பஞ்சை வைத்து, வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். நாளுக்கு ஐந்தாறு தடவை துணி மாற்ற வேண்டும். தோல் வெந்து புண்ணாகிவிட்டது. வாசனை வருகிறது என்று தானே முடிவு செய்து, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறைக்குக் குடிபோனார். ஒருவேளைதான் சாப்பாடு. சொந்த மகள் கல்யாணத்தைக் கொல்லைப்புறக் கதவிடுக்கில் நின்று பார்த்தார். தாலி கட்டும்போது நாதஸ்வரம் உச்சத்தில் ஒலிக்க, அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நான்கு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார்.

2017ல் அதே வியாதி எனக்கு வந்தது. டாக்டர் 'கொலாஸ்டமி' என்றதும், ஆபரேஷனே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். என் கண் முன்னால் நின்றது அந்தக் கொட்டகைதான். பிறகு எப்படிச் சம்மதித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். குணமாகிப் படுத்திருந்த நாட்களில் இந்தத் துவாரத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவனுக்கு எதுவும் எங்கிருந்து கிளம்பி எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்பது வழக்கம்.

1710ல் பாரிஸில் அலெக்ஸி லிட்ரே என்ற மருத்துவர், ஆசனவாய் இல்லாமல் பிறந்து இறந்துபோன ஒரு குழந்தையின் உடலைப் பரிசோதித்தார். குடலை வயிற்றுச் சுவருக்குக் கொண்டுவந்து திறந்துவிட்டிருந்தால் பிழைத்திருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. செய்து பார்க்க 66 வருஷம் ஆயிற்று. 1776ல் ரூவான் நகரத்தில் பிலோர் என்ற அறுவை வைத்தியர், மோரேல் என்ற ஒயின் வியாபாரிக்கு அதைச் செய்தார். பாவம், மோரேலுக்கு மலக்குடல் அடைத்திருந்தது. அடைப்பைத் தள்ளிவிடும் என்று, அந்தக் கால வழக்கப்படி, முன்பே இரண்டு பவுண்டு பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள்! துவாரம் நன்றாகவே வேலை செய்தது. அதன் மேல் ஒரு பஞ்சை வைத்து, இழுபடும் பட்டையால் கட்டிக்கொண்டார். ஆனால் 28ஆம் நாள் இறந்துபோனார். உள்ளே தேங்கிய பாதரசம்தான் காரணம். வைத்தியம் பிழைத்தது, வைத்தியத்துக்கு முந்தைய வைத்தியம் கொன்றது.

1793ல் பிரெஸ்ட் துறைமுக நகரத்தில் டியூரே என்பவர், பிறந்து மூன்றே நாளான குழந்தைக்கு இதே ஆபரேஷன் செய்தார். மயக்க மருந்து கிடையாது, கிருமிநாசினி கிடையாது. அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது என்று படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன். அதே காலத்தில் பிரான்சில் வயிற்றில் காயம்பட்ட ஒருவர் தோலால் ஆன சுருக்குப்பையைக் கட்டிக்கொண்டு பல வருஷம் வாழ்ந்திருக்கிறார். நம் பாட்டிமார் இடுப்பில் வெற்றிலை பாக்குக்குச் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

1908ல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடல் புற்றுநோய்க்கு வயிறு வழியாகவும் கீழ் வழியாகவும் சேர்த்துச் செய்யும் பெரிய ஆபரேஷனை எழுதி வெளியிட்டார். பெரியப்பாவுக்கும் எனக்கும் நடந்தது அந்த வழிமுறைதான். சிறுகுடலை வெளியே கொண்டுவரும் இலியாஸ்டமியில் வேறு தொல்லை இருந்தது. துவாரம் வீங்கி அடைத்துக்கொள்ளும், வெளிவரும் திரவம் தோலை அரித்துவிடும். 1952ல் பர்மிங்ஹாமில் பிரையன் புரூக், வெளியே வந்த குடல் நுனியைச் சட்டைக் கையை மடித்துவிடுவதுபோல் மடித்துத் தைத்தார். அவ்வளவுதான். இன்றும் உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள்.

கத்தி பிடித்தவர்கள் பாதி வேலையைத்தான் செய்தார்கள். மறுநாள் காலையில் நோயாளி என்ன செய்வான் என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் வேறு. டென்மார்க்கில் எலிசே சோரன்சென் என்ற நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்கு ஆபரேஷன் ஆகி, வெளியே போகவே பயந்து வீட்டில் அடைந்து கிடந்தாள். என் பெரியப்பா மாதிரியே. 1954ல் அக்காவுக்கு ஒரு யோசனை: மெல்லிய பிளாஸ்டிக் பை, வாய்ப்பக்கம் ஒட்டும் பசை, தோலில் நேராக ஒட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தொழில் செய்த ஆகே லூயி-ஹான்சன் என்பவரிடம் போனார். அவர் முதலில் தயங்கினார். அவர் மனைவியும் ஒரு நர்ஸ், அந்த அம்மாள்தான் விடாமல் வற்புறுத்தினார். அதிலிருந்து பிறந்ததுதான் கோலோபிளாஸ்ட் கம்பெனி.

அமெரிக்காவில் கிளீவ்லண்டில் ரூபர்ட் டர்ன்புல் என்ற டாக்டர், பல்செட்டை ஒட்டப் பயன்பட்ட கராயா கோந்துப் பொடியைத் தோல் புண்ணுக்குப் பயன்படுத்தினார். ஈரத்திலும் பிடித்துக்கொண்டது, தோலையும் காத்தது. இந்தக் கராயா எங்கிருந்து போனது தெரியுமா? பெரும்பாலும் நம் இந்தியாவிலிருந்துதான். மத்திய இந்தியாவிலும் ஆந்திரக் காடுகளிலும் பழங்குடி மக்கள் மரத்தைக் கீறி எடுக்கும் பிசின். கப்பலேறி அமெரிக்கா போய் அங்கே நோயாளிகளின் தோலைக் காப்பாற்றிய அந்தச் சமயத்துக்கு இருபது வருஷம் கழித்தும், எங்கள் ஊர் மாட்டுக் கொட்டகைக்கு அது வந்து சேரவில்லை.

டர்ன்புல்லிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நோர்மா கில் என்ற குடும்பத்தலைவி ஒருவர். குணமானதும் மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1958ல் டாக்டர் அவரையே ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். நர்ஸ் படிப்பு இல்லை, சொந்த வயிறுதான் சர்டிபிகேட். 1961ல் அங்கேயே பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஸ்டோமா நர்ஸ் என்ற வேலையே அவரிடமிருந்து வந்ததுதான்.

அந்தப் பரம்பரையில் வந்த ஒரு பெண்தான் எனக்கும் வாய்த்தாள். என் மகள் வயது. வெளியேறிவிட்ட என்னை மறுபடி கூப்பிட்டு, "ஐயா, வேட்டி எங்கே கட்டுவீங்க? உட்காருங்க, குனியுங்க" என்று பார்த்து, மடிப்பு விழாத இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். "இங்கே வெச்சா வேட்டிக்கும் இடிக்காது, உங்களுக்கும் கண்ணுக்குத் தெரியும்" என்றாள். பெரியப்பாவிடம் யாரும் வேட்டியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது என் காலை வேலை இப்படி. காபிக்கு முன்னால், குடல் சோம்பலாக இருக்கும் நேரத்தில், பிளேட்டை மாற்றுவேன். நான்கு நாளைக்கு ஒரு முறை. மே மாதம் வியர்வையில் மூன்றே நாள்தான் தாங்கும். பழையதை இழுத்துப் பிய்க்காமல், தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல உரிக்க வேண்டும். வெறும் தண்ணீர் போதும். எண்ணெய், பவுடர், வாசனை சோப்பு எதுவும் கூடாது, பசை பிடிக்காது. நன்றாக உலர்த்திவிட்டு, துவாரத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டி ஒட்டுவேன். ஒட்டிய பிறகு ஒரு நிமிஷம் உள்ளங்கையை வைத்திருந்தால், சூட்டில் பசை இறுகும். ஸ்டோமா வாயின் உட்புறம்போலச் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். கறுத்துப்போனால் உடனே ஓட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுவேன், கனத்தில் பிய்த்துக்கொள்ளாது. இலியாஸ்டமிக்காரர்கள் தண்ணீரோடு உப்பையும் இழக்கிறார்கள். வெயில் காலத்தில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் ஆபத்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் கைவசம் இருக்கட்டும்.

முட்டைக்கோஸ் சாப்பிட்டால் பை பலூன் மாதிரி ஊதும். என் பேரன் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான், இங்கே எழுத மாட்டேன்.

போன மாதம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் வந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. வெகுநேரம் கிரிக்கெட், மழை என்று பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "எப்படி சார் இருக்கும்?" என்றார். கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைத் தூக்கிக் காண்பித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். பிறகு, "இதோட பஸ்ல போறீங்களா?" என்றார்.

"நேத்துதான் திருச்சி போயிட்டு வந்தேன். ஜன்னல் சீட்டு" என்றேன்.