லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ்: 1971–72ஆம் ஆண்டுப் பருவம்

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் (என்.பி.ஏ.) நடத்தும் தொழில்முறைப் போட்டிகளில், லேக்கர்ஸ் அணி இடைமுறியாமல் 33 ஆட்டங்களை வென்று, மொத்தம் 82இல் 69 வெற்றியும் 13 தோல்வியும் பெற்று, லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய பின் தனது முதற்பட்டத்தை அடைந்த பருவம் இது.

முன்வரலாறு: இவ்வணி 1947இல் மினியாபொலிஸ் நகரில் தோன்றியது. ஏரிகள் மலிந்த மினசோட்டா மாநிலத்தை எண்ணி இட்ட ‘லேக்கர்ஸ்’ (லேக் – ஏரி) என்ற பெயர், 1960இல் ஏரிகள் அருகிய தென் கலிபோர்னியாவுக்கு அணி பெயர்ந்தபோதும் விடாமல் உடன் வந்துவிட்டது. 1962 முதல் 1970 வரை ஏழு முறை இறுதிச் சுற்றை எட்டி ஏழு முறையும் தோற்றது. அவற்றுள் ஆறு தோல்விகள் பாஸ்டன் செல்டிக்ஸ் கையால் நேர்ந்தவை.

பருவம்: அந்தச் செல்டிக்ஸ் அணியிலேயே முன்னாளில் ஆடிப் பிரசித்தி பெற்ற பில் ஷார்மன் 1971இல் லேக்கர்ஸின் பயிற்சியாளரானார். தாம் ஆடிய நாட்களில் ஆட்டநாளன்று காலையிலேயே மைதானம் சென்று சற்றுநேரம் பந்தெறிந்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்ட தம் பழக்கத்தை, அவர் இப்போது அணி முழுமைக்கும் நியமமாக்கினார். விடியலோடு சிநேகமில்லாதவரெனப் பெயரெடுத்த நெடியவர் வில்ட் சேம்பர்லின் இதற்கு இசைந்தது அக்காலத்தார்க்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு காலத்தில் புள்ளிகளைக் குவித்துப் புகழ்பெற்ற அவர், இப்பருவத்தில் தடுப்பதையும் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றி முன்னே ஓடுவோருக்கு வீசுவதையுமே தம் பணியாகக் கொண்டார். அப்பந்தால் பயனடைந்த கெயில் குட்ரிச்சும் ஜெர்ரி வெஸ்ட்டும் ஆட்டத்துக்குச் சராசரி முறையே 25.9, 25.8 புள்ளிகள் எடுத்தனர்.

முழங்கால் உபாதையால் தளர்ந்திருந்த மூத்த வீரர் எல்ஜின் பேலர் ஒன்பது ஆட்டங்களே கழிந்த நிலையில் ஓய்வு பெற, அவரிடத்தில் இளைஞர் ஜிம் மக்மில்லியன் அமர்ந்தார். அடுத்த ஆட்டமான நவம்பர் 5ஆம் நாள் ஆட்டத்தில் தொடங்கிய வெற்றிவரிசை, நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஒரு தோல்வியும் காணாது சென்று, 1972 ஜனவரி 9இல் மில்வாக்கியில், கரீம் அப்துல் ஜப்பார் ஆடிய பக்ஸ் அணியிடம் 120–104 என்ற கணக்கில் முறிந்தது. பேலரின் விலகலே ஆட்டத்துக்கு வேகம் தந்ததென்பர் சிலர். ஷார்மனின் பயிற்சியே காரணமென்பர் வேறு சிலர். இரண்டும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தமையால் பிரித்தறிதல் எளிதன்று. இடையறாது கூவிக் கூவி ஷார்மனின் குரல்நாண்கள் கெட்டன. அக்குரல் பின்னர் முழுமையாகத் திரும்பவேயில்லை.

இறுதிச் சுற்று: சிகாகோவையும் மில்வாக்கியையும் கடந்துவந்த லேக்கர்ஸ், நியூயார்க் நிக்ஸிடம் முதலாட்டத்தை இழந்து, அடுத்த நான்கையும் வென்றது. மணிக்கட்டில் காயமுற்ற சேம்பர்லின், கட்டுடன் களமிறங்கி, மே 7ஆம் நாள் நடந்த கடைசி ஆட்டத்தில் 24 புள்ளிகள் எடுத்ததோடு 29 முறை திரும்பும் பந்தையும் கைப்பற்றினார். அக்காயம் சுளுக்கா எலும்பு முறிவா என்பதில் வரலாறுகள் ஒருமிக்கவில்லை. பல ஆண்டுகள் நன்றாக ஆடியும் பட்டமிழந்த வெஸ்ட், எறிந்த பந்து வளையத்துள் விழ மறுத்த ஒரு தொடரில் பட்டம் பெற்றது விதியின் விநோதமே. பேலருக்கும் வெற்றி மோதிரம் அளிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

பின்வரலாறு: 1973 இறுதிச் சுற்றில் நிக்ஸ் பழிதீர்த்தது. 69 வெற்றிகளென்ற எல்லையை 1995–96இல் சிகாகோ புல்ஸ் 72ஆலும், 2015–16இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73ஆலும் கடந்தன. ஒரே பருவத்தில் 33க்கு அடுத்த நீண்ட வெற்றிவரிசை, 2012–13இல் மயாமி ஹீட் பெற்ற 27 ஆகும்.