புளிப்பும் கடுகடுப்பும்

பீங்கான் ஊரான விருத்தாசலத்தில், ஊறுகாயை எதில் இடுவது என்ற வினா எழுவதில்லை. புளியும் உப்பும் செம்பிலும் பித்தளையிலும் களிம்பேற்றும். கண்ணாடிபோல் மெருகேறிய பீங்கானை அவை தீண்டுவதில்லை. உலோகத்தை அரிக்கும் இச்சுவை, மாந்தரின் குணத்தைக் குறிக்கும் சொற்களிலும் புகுந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 'சவர்' என்பது புளிப்பையும் குறிக்கும். முகம் சுளித்து எவரோடும் ஒட்டாத மனிதரையும் குறிக்கும். இலத்தீனில் 'ஏசெர்' என்றால் கூரியது. அது பிரெஞ்சில் 'ஏக்ர்' ஆகி, 'வேன்' எனும் திராட்சை இரசத்தோடு சேர்ந்தது; அதுவே ஆங்கிலத்தில் 'வினிகர்' ஆயிற்று. அதே வேரினின்று பிறந்த 'ஈகர்' என்ற சொல்லும் முன்பு புளிப்பைக் குறித்ததுண்டு. இன்று அதன் பொருள் ஆர்வம்! சொற்களும் பழங்களைப்போலக் கனிகின்றன போலும்.

தமிழ் வேறு வழியில் சென்றது. மனத்தாங்கலுக்கு நாம் கசப்பை அழைத்தோம். சினந்த பேச்சுக்குக் காரத்தை அழைத்தோம். சிடுமூஞ்சியைப் 'புளித்தவர்' என எவரும் சொல்லார். கேட்டுக் கேட்டுச் சலித்த செய்தியே நமக்குப் 'புளித்துப்போகிறது'. அச்சம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. உண்டு தெவிட்டியவனின் புளியேப்பத்தைப் பசித்தவனின் ஏப்பத்தோடு ஒப்பிட்டுப் பேசும் வழக்கு, சமூகத்தையே இரு கூறாகக் காட்டிவிடுகிறது. ஆக, 'சவர்' என்ற சொல்லை அகராதியில் கண்டு, மனிதரின் குணத்தைப் 'புளிப்பு' எனப் பெயர்த்தால் பிழை. அங்கே 'கடுகடுப்பு' என்பதே பொருந்தும்.

இத்தகைய இடர்களை நன்கறிந்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர். 1732இல் தந்த சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்தார். அறுசுவை போன்ற கூட்டுப்பெயர்களுக்கு உரியது தொகைப் பகுதி. ஒரு சொல்லுக்கு நேராக மற்றொரு சொல்லை வைப்பதோடு அகராதிப் பணி முடிந்துவிடாது என்பதை அப்பகுப்பே காட்டுகிறது.

தமிழில் புளிப்பு ஏன் தீக்குணத்தின் பெயராகவில்லை? வெயில் நாட்டில் அது ஆறுதல் என்பதே நம் எண்ணம். வயலில் உழைப்பவருக்கு நீராகாரமும் புளித்த மோரும் களைப்பு நீக்கும். உரோமைப் படைவீரரும் புளித்த திராட்சை இரசத்தை நீர் கலந்து அருந்தினர்; அதனைப் 'போஸ்கா' என்றனர்.

இதனை மனத்திற்கொண்டு சிலுவைக் காட்சியை வாசித்தால், கடற்காளானில் தோய்த்து நீட்டப்பட்ட இரசம் வேறாகத் தோன்றுகிறது. படைவீரர் ஏளனம் செய்தபடி அதனைக் கொடுத்ததாக லூக்கா எழுதுகிறார்; அதனை மறுப்பதற்கில்லை. யோவானோ தாகத்தைச் சொல்லி, இயேசு அதனைப் பெற்றுக்கொண்டதையும் சொல்கிறார். கொடுமையாக மட்டுமே நாம் கருதிவந்த அப்பானம், ஏழைப் படைவீரனின் அன்றாடக் குடிநீராகவும் இருந்தது.

பழைய தமிழ் விவிலியம் அதனைக் 'காடி' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'புளித்த திராட்சை இரசம்' என்கிறது. பின்னதே தெளிவானது. ஆயினும் காடி என்றால் புளித்த கஞ்சியும் ஆகும்; சிற்றூர் முதியோர் அதனைக் கலயத்தில் கண்டவர்கள். நம் இளையோருக்கோ 'வினிகர்' என்றால்தான் விளங்குகிறது.