லாரி: சொல்லும் சுற்றமும்

லாரி என்பது சரக்கு ஏற்றிச் செல்லும் கனரக மோட்டார் வாகனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். சேலம், நாமக்கல் சமவெளியில் அது அதற்கும் மேலே ஒரு தொழிலின் பெயர். சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் காவிரியைக் கடந்து கன்னியாகுமரிக்குப் போகிறது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகக் கொச்சிக்குப் போகிறது 544ஆம் எண் சாலை. இவ்விரண்டின் ஓரங்களிலும் "என்ன தொழில்?" என்று கேட்டால் "லாரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். வண்டி ஓட்டுவது, சொந்தமாக வைத்திருப்பது, பாடி கட்டுவது, டயருக்கு ரீட்ரெடிங் போடுவது, புக்கிங் ஆபீஸ் நடத்துவது எல்லாம் அதில் அடக்கம்.

தண்டவாளத்தில் பிறந்த பெயர்

ஆங்கில அகராதிகள் இச்சொல்லின் எழுத்துப் பதிவை 1838 வரை கொண்டுபோகின்றன. மோட்டார் என்ற ஒன்றே இல்லாத காலம். பிரிட்டனில் ரயில் பாதைகள் பரவத் தொடங்கியிருந்தன. பக்கப் பலகை இல்லாமல், தாழ்வாக, தட்டையாக இருந்த சரக்கு வண்டிக்கு ரயில்வே தொழிலாளர்கள் வைத்த பெயர் லாரி. 'லர்ரி' என்றும் எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'லர்ரி' என்ற வினைக்கு இழு, இழுத்துச் செல் என்று பொருள். அகராதியாளர்களில் பெரும்பாலோர் அதையே வேராகக் கொள்கிறார்கள். ஜெர்மானியர் இச்சொல்லைக் கடன் வாங்கியதும் அந்தப் பழைய பொருளில்தான். சுரங்கத்திலும் கல்குவாரியிலும் தண்டவாளத்தின்மேல் ஓடும் சிறு வண்டியை அவர்கள் இன்றும் 'லோரே' என்கிறார்கள்.

சாலைக்கு இச்சொல் வந்தது இயந்திரத்தோடு. 1896இல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் முதல் மோட்டார் சரக்கு வண்டியைச் செய்தார். அதே 1896இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் லேலண்ட் என்ற ஊரில் நீராவி வண்டி செய்யும் கம்பெனி ஒன்று தொடங்கியது. 1907இல் அது லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. 1911 வாக்கில் 'லாரி' என்ற சொல் மோட்டார் சரக்கு வண்டியைக் குறிப்பதாக ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது.

பிறகு பிரிட்டிஷ் ஆட்சியும் வணிகமும் போன இடமெல்லாம் இச்சொல்லும் போனது. போன இடத்தில் தேவைக்கேற்பப் பொருள் மாறியது. மலாய் மொழியில் அது 'லோரி'. இலங்கைத் தமிழர் 'லொறி' என்று எழுதுகிறார்கள். பஞ்சாபிலும் உருது பேசும் பகுதிகளிலும் பழைய தலைமுறைக்கு லாரி என்றால் ஆள் ஏறும் பஸ். கானா நாட்டில் பஸ் நிலையத்துக்கே 'லாரி பார்க்' என்று பெயர். குஜராத்தில் தெருவோரம் பழமும் பலகாரமும் விற்கும் தள்ளுவண்டியை 'லாரி' என்கிறார்கள். ஜப்பானியர் சாதாரணச் சரக்கு வண்டிக்கு அமெரிக்க வழியில் 'தொராக்கு' என்ற பெயரை வைத்துக்கொண்டு, எரிபொருள் கொண்டுபோகும் வண்டிக்கு மட்டும் 'டாங்கு ரோரி' என்று சொல்கிறார்கள்.

தமிழ் இலக்கணப்படி லகரம் சொல்லுக்கு முதலில் வராது. பழைய வழக்கப்படி முன்னால் ஓர் இகரம் சேர்ந்து 'இலாரி' என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஓட்டுநரும் சுமை தூக்குபவரும் வாயால் வாங்கிய சொல் இது. ஏடறிந்தவர்கள் திருத்துவதற்குள் ஊரெல்லாம் பரவி நிலைத்துவிட்டது.

டிரக், வேன், கார்

பொருளால் லாரிக்கு மிக நெருங்கிய சொல் டிரக். பிறப்பு வேறு. ஓடு என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து 'ட்ரோக்கோஸ்' அதாவது சக்கரம் வந்தது. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 1610களில் டிரக் என்றால் கப்பல் பீரங்கியின் அடியில் பூட்டிய சிறு சக்கரம். 1774 வாக்கில் பாரவண்டியைக் குறித்தது. மோட்டார் வண்டிக்கு அப்பெயர் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒட்டியது. பண்டமாற்று என்று பொருள்படும் இன்னொரு டிரக் ஆங்கிலத்தில் உண்டு. அது பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல்.

வேன் என்பது கேரவனின் வால். பாரசீகத்தில் 'கார்வான்' என்றால் பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் வணிகர் அணி. ஆங்கிலத்தில் அது கூரை போட்ட வண்டியாகி, 1829 வாக்கில் தலை உதிர்ந்து 'வேன்' ஆனது. தமிழ் சினிமா படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனும், காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனும் ஒரே சொல்லின் இரு துண்டுகள்.

கார் குடும்பம் இவற்றில் பெரியது. 'கார்ருஸ்' என்ற லத்தீன் சொல் 'கால்' (Gaul) நாட்டுப் பழங்குடிகளின் வண்டியைக் குறித்தது. அதிலிருந்து கார், கேரி, கேரியர், கேரேஜ், கார்கோ, சார்ஜ் எல்லாம் கிளைத்தன. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வாடகைக்குச் சரக்கேற்றும் லாரியை 'பப்ளிக் கேரியர்' என்றது. அந்த இரண்டு சொற்களும் பல பத்தாண்டுகள் லாரிகளின் நெற்றியில் எழுதப்பட்டிருந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதை 'குட்ஸ் கேரேஜ்' என்று மாற்றியது. தமிழில் 'குட்ஸ் வண்டி' என்றால் சரக்கு ரயில் என்பதால் இந்தச் சட்டப் பெயர் ஆர்.சி. புத்தகத்தைத் தாண்டி வரவில்லை.

சக்கரம் என்ற சொல்லுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. வண்டியின் அளவை இப்பகுதியில் சக்கரத்தால் சொல்வார்கள்: ஆறு சக்கரம், பத்துச் சக்கரம், பன்னிரண்டு, பதினான்கு. வடமொழி 'சக்ர', கிரேக்க 'குக்லோஸ்', ஆங்கில 'வீல்' மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்தவை. குக்லோஸிலிருந்துதான் சைக்கிள் வந்தது.

சேசிஸும் பாடியும்

நாமக்கல்லின் பெயர் நாடு முழுவதும் தெரிந்ததற்கு முட்டைக்கு அடுத்த காரணம் பாடி கட்டும் பட்டறைகள். கம்பெனியிலிருந்து லாரி பெரும்பாலும் முழுசாக வருவதில்லை. இன்ஜின், அச்சு, சக்கரம், இரும்புச் சட்டம் மட்டும் கொண்ட வெறும் சேசிஸை ஓட்டுநர்கள் வெயிலிலும் மழையிலும் பல நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து பட்டறையில் விடுவார்கள். தச்சர், வெல்டர், டிங்கர், எலெக்ட்ரீஷியன், பெயின்டர் என்று பல கைகள் பட்ட பிறகுதான் அது லாரியாக வெளியே போகும். குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், முகப்பில் திருஷ்டிக்குக் கட்டும் கறுப்புக் கயிறு எல்லாம் இங்கே சேருகின்றன.

சேசிஸ் பிரெஞ்சுச் சொல். அதன் மூலம் பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'காப்ஸா'. பொருள் வைக்கும் 'கேஸ்', பணப்பெட்டியைக் குறித்துப் பின்பு பணத்தையே குறித்த 'கேஷ்' இரண்டும் அதே காப்ஸாவின் பிள்ளைகள். ஃபைனான்ஸில் கடன் வாங்கி, தவணை கட்டி, சேசிஸ் எடுக்கும் முதல் தலைமுறை உரிமையாளர் இந்த மூன்று சொற்களையும் ஒரே நாளில் உச்சரிக்கிறார்.

சேசிஸின் பிறப்பிடமும் தூரத்தில் இல்லை. ரகுநந்தன் சரண் தம் மகன் அசோக்கின் பெயரில் 1948இல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். லங்காஷயர் லேலண்ட் அதில் சேர்ந்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1980இல் அதன் ஆலை ஒன்று ஓசூரில் அமைந்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் சேலம் மாவட்டத்து ஊர். லேலண்ட் என்ற ஊர்ப்பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் தரிசு நிலம் என்று பொருள். மழையை நம்பிய மேட்டாங்காட்டு விவசாயம் கைகொடுக்காமல் லாரி வாங்கிய குடும்பங்கள் இந்தச் சமவெளியில் ஏராளம். அவர்களின் வண்டி முகப்பில் தரிசு என்ற பொருளுள்ள ஊர்ப்பெயர் பொறித்திருந்தது.

பட்டறை வளர்த்த சொற்கள்

லாரி தனியாக வரவில்லை. தனக்கு வேண்டிய சொற்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. அவற்றில் சில பிறந்த நாட்டில் மறைந்து இங்கே வாழ்கின்றன. மாற்றுச் சக்கரத்துக்கு இங்கே 'ஸ்டெப்னி' என்று பெயர். வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904இல் விற்கத் தொடங்கிய மாற்றுச் சக்கரத்தின் வணிகப் பெயர் அது. பிரிட்டனில் அச்சொல் வழக்கொழிந்தது. சங்ககிரியில் பஞ்சர் ஒட்டும் சிறுவனுக்கு அதைவிட்டால் வேறு சொல் தெரியாது.

அசோக் லேலண்ட் பல அச்சு வண்டி ஒன்றுக்கு டாரஸ் என்று பெயர் வைத்தது. லத்தீனில் காளை என்று பொருள். மாடல் பெயர் வகைப் பெயராகி, எந்தக் கம்பெனி வண்டியானாலும் பெரிய லாரி 'டாரஸ் லாரி' ஆகிவிட்டது. 'டார்பாலின்' என்ற ஆங்கிலச் சொல் தார் பூசிய போர்வையைக் குறிப்பது. தமிழ்க் காது அதில் தன் பாயைக் கேட்டு 'தார்ப்பாய்' ஆக்கிக்கொண்டது; சேலத்துச் சேகோ மூட்டைகள் அதன் அடியில்தான் மகாராஷ்டிரம் வரை மழைக்குத் தப்பிப் போகின்றன. சுத்தம் செய்பவர் என்ற பொருளில் வந்த 'கிளீனர்', ஓட்டுநருக்குத் துணையாகப் போய்த் தொழில் பழகுபவரின் பெயரானது. கிளீனராக ஏறி, டிரைவராகி, உரிமையாளரானவர்கள் கட்டிய தொழில் இது.

திருச்செங்கோட்டில் லாரி மற்றொரு வடிவம் எடுத்தது. பாய்மரக் கப்பலுக்குக் கயிறும் பாயும் பூட்டுவதைக் குறித்த 'ரிக்' என்ற சொல், எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிக்குப் போய், லாரி சேசிஸ்மேல் ஏற்றிய போர்வெல் இயந்திரத்தின் பெயராக இங்கே வந்து சேர்ந்தது. டி.என். 34 என்ற திருச்செங்கோட்டுப் பதிவெண்ணோடு ரிக் வண்டிகள் வடமாநிலங்களிலும் மாதக்கணக்கில் தங்கித் துளை போடுகின்றன.

டேங்கர்

நாமக்கல்லின் தனி அடையாளம் சமையல் எரிவாயு கொண்டுபோகும் டேங்கர் லாரி. சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் சிலிண்டர் நிரப்பும் நிலையங்களுக்கு எரிவாயு இவற்றில்தான் போகிறது. தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்தின் தலைமையகம் நாமக்கல். அங்கே வேலைநிறுத்தம் அறிவித்தால் ஐந்தாறு மாநிலங்களின் அடுப்படியில் கவலை வந்துவிடும்.

டேங்க் என்ற சொல் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பர். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தொட்டியைக் குறிக்கும் 'டாங்கி', 'டாங்கே' போன்ற சொற்களோடு, தேக்கு என்ற பொருளுள்ள போர்த்துக்கீசிய 'டாங்க்கே'யும் கலந்து அது உருவானது. ஆங்கிலேய வருவாய் அதிகாரிகள் நம் ஏரிகளையெல்லாம் 'டேங்க்' என்றே ஆவணங்களில் எழுதினார்கள். முதல் உலகப்போரில் கவச வண்டியின் ரகசியத்தைக் காக்க அதற்குத் தண்ணீர்த் தொட்டி என்று பொய்ப்பெயர் வைத்தபோது அது போர்க்களத்துக்கும் போனது.

லாரியும் சரக்குந்தும்

பஸ்ஸுக்குப் 'பேருந்து' அமைந்ததுபோல லாரிக்குச் 'சரக்குந்து' என்று ஆக்கினார்கள். சரக்கும் உந்துவும் சேர்ந்த நல்ல ஆக்கம். எழுத்தில் ஆங்காங்கே வழங்குகிறது. பேருந்துக்குக் கிடைத்த பலகையும் பயணச்சீட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. பேருந்தை நாளும் எழுதவும் அறிவிக்கவும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருந்தன. லாரியோ தனியார் தொழில். அதன் சொற்களைப் பட்டறையும் லாரி செட்டும் தீர்மானித்தன.

தொழில் இப்போது மாறிவருகிறது. 2025இலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. கையால் கேபின் கட்டிவந்த பட்டறைகளுக்கு இது கடினமான மாற்றம். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு நெடுநாள் தேவை. கம்பெனியிலேயே முழுசாகக் கட்டி வரும் வண்டிகள் கூடும்போது 'பாடி கட்டுதல்' என்ற தொடரின் புழக்கமும் குறையும். செல்பேசிச் செயலிகளில் லோடு பிடிக்கும் இளையவர்கள் திரையில் 'டிரக்' என்ற சொல்லைத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில உரிமையாளர் சம்மேளனமும், சங்ககிரி உரிமையாளர் சங்கமும் தங்கள் பெயரில் வைத்திருப்பது 'லாரி' என்ற சொல்லைத்தான்.