சில்லு சொல்லும் பெயரும் மரம் சொல்லும் பெயரும்: யுஎஸ்பி கட்டுப்படுத்தி விவரணை பற்றி ஒரு மறுவாசிப்பு

லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களுள் கிராண்ட் லைக்லி எழுதிய 'லினக்ஸும் டிவைஸ் ட்ரீயும்' சாதன மரத்தை வன்பொருளின் விவரணை என்று வரையறுக்கிறது. பொறியின் விவரங்களைத் தன் நிரலுக்குள் பொதிந்து வைக்காமல் இயங்குதளம் வெளியிலிருந்து படித்துக்கொள்ளும் தரவு அது என்பது அவர் வாசிப்பு. 1994இல் ஐஇஇஇ 1275 எனத் தரப்படுத்தப்பட்ட ஓப்பன் ஃபர்ம்வேரில் தொடங்கி, 2005இல் பவர்பிசியின் 32, 64 பிட் கிளைகளை ஒன்றாக்கும் பணியோடு வந்த தட்டையாக்கிய மரத்தின் வழியே அவர் காட்டும் வரலாற்றை நான் ஏற்கிறேன். ஏற்க முடியாதது வரையறைதான். யுஎஸ்பி கட்டுப்படுத்திகளைப் பொறுத்தவரை, மரத்தில் எழுதப்பட்டவற்றுள் கணிசமான பகுதி வன்பொருளைப் பற்றியதன்று. இயக்கியை நோக்கிப் பேசுவது.

இதற்கு முதன்மைச் சான்று சினாப்சிஸ் நிறுவனத்தின் டிடபிள்யூசி3 கட்டுப்படுத்தி. 2012 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 3.2இலேயே இதன் இயக்கி இடம்பெற்றுவிட்டது. அதன் பொருத்த அட்டவணையில் ஒரே வன்பொருளுக்கு இரண்டு பெயர்கள் நிற்கின்றன: 'எஸ்என்பிஎஸ்,டிடபிள்யூசி3', 'சினாப்சிஸ்,டிடபிள்யூசி3'. முன்னதன் முன்னொட்டு அந்நிறுவனத்தின் பங்குச்சந்தைக் குறியீடு. பின்னது கைவிடத்தக்கது என்று இன்றைய யாமல் வரைவு குறித்திருப்பதால் அதுவே மூத்த பாடம் என்று கருதலாம். ஆனால் அட்டவணையில் அது இரண்டாவதாகவே நிற்கிறது. எனவே வரிசையை வைத்துக் காலம் கணிப்பது பிழையாகும். மூத்தது எதுவாயினும், சில்லு தன்னை இவ்விரு பெயராலும் அழைத்துக்கொள்வதில்லை என்பதே எனக்கு முக்கியம். அதன் அடையாள ரெஜிஸ்டரின் மேல் 16 பிட்டுகளில் பதினறும எண் 5533 பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்கி எழுத்துகளாகப் படித்தால் 'யு', '3'. அடுத்து வந்த டிடபிள்யூசி31இல் அது 3331, அதாவது '31', டிடபிள்யூசி32இல் 3332. கல்லில் வெட்டியது போன்ற இந்த எண்ணைத்தான் இயக்கி படித்து, எந்தத் தலைமுறை என்று முடிவு செய்கிறது. மரமோ மூன்று தலைமுறைகளுக்கும் 'டிடபிள்யூசி3' என்ற ஒரே பெயரை வழங்குகிறது. வன்பொருளை விவரிப்பது அதன் நோக்கமாயின் இந்த வேறுபாட்டை அது விட்டுவிட்டிருக்காது.

அந்தச் சரம் 'பொருந்துவது' என்ற பண்பின் மதிப்புதானே, ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர் போதாதா என்று கேட்கலாம். போதும், ஆனால் அப்போது அந்தப் பெயர் இன்ன இயக்கி இதை ஓட்டும் என்ற உடன்பாட்டைக் குறிக்கிறதே தவிரப் பொருளைக் குறிக்கவில்லை. ரெஜிஸ்டர் இருக்கும் முகவரியையே மரம்தான் தரவேண்டும் என்ற மறுப்பு இதைவிட வலியது. பிசிஐ வழியில் 0சி03 என்ற வகுப்பு எண்ணும் அதையடுத்த 00, 10, 20, 30 என்ற இடைமுக எண்களும் யுஎச்சிஐ முதல் எக்ஸ்எச்சிஐ வரை தம்மைத் தாமே அறிவித்துவிடும். ஒருங்கிணைந்த சில்லுக்குள் அப்படித் தேடிக் கண்டறியும் வழி பொதுவாக இல்லை. முகவரி, குறுக்கீட்டு எண், கடிகாரம் ஆகியவற்றில் லைக்லியின் வரையறை முழுமையாக நிற்கிறது.

'எஸ்என்பிஎஸ்,டிஸ்_யு3_சஸ்பை_குவிர்க்' போன்ற பண்புகளில் அது நிற்கவில்லை. சில்லின் குறையும் வன்பொருள் உண்மைதான் என்பது வழக்கமான சமாதானம். பெயரின் இலக்கணத்தைப் பாருங்கள்: 'டிஸ்' என்பது 'முடக்கு' என்பதன் சுருக்கம். யுஎஸ்பி 3 பகுதியின் உறக்கநிலையை முடக்கு என்கிறது. குறை இன்னதென்று சொல்லவில்லை. இது ஏவல், விவரணையன்று. 'டிஆர்_மோடு' பண்பு இடைநிலையில் நிற்கிறது. டைப்-ஏ துளை மட்டுமே உள்ள பலகையில் 'ஹோஸ்ட்' என்று எழுதுவது கம்பி இணைப்பின் உண்மை. இருபுறமும் இயங்கக்கூடிய மைக்ரோ-ஏபி துளையில் 'பெரிஃபெரல்' என்று எழுதுவது ஒருவர் எடுத்த முடிவு. ஒரே பண்பு ஓரிடத்தில் சான்று, மற்றோரிடத்தில் ஆணை. எது எங்கே என்பதைப் பலகையின் வரைபடம் இல்லாமல் மரத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய இயலாது.

கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்ட பிறகும் 'சினாப்சிஸ்,டிடபிள்யூசி3' இயக்கியின் அட்டவணையில் இருக்கிறது. அந்தப் பெயரோடு எழுதப்பட்ட பழைய மரங்களுக்குக் கெர்னல் தந்த வாக்கு அது.