நம்பகமற்ற உள்ளீடு

பயனர் நிரப்பும் படிவம், வேறொரு நிறுவனம் அனுப்பும் கோப்பு, வலைவழி வந்து சேரும் செய்தி என ஒரு மென்பொருள் தன் ஆளுகைக்கு வெளியேயிருந்து பெறும் தரவு அனைத்தும் நம்பகமற்ற உள்ளீடு எனப்படும். இங்கு 'நம்பகமற்ற' என்பது அனுப்புபவரின் நேர்மையைப் பற்றிய தீர்ப்பன்று. வரும் தரவின் வடிவம், அளவு, பொருள் ஆகியவற்றுக்குப் பெறுகிற நிரல் பொறுப்பேற்க இயலாது என்பதே அதன் பொருள். எனவே, தீய நோக்கத்தோடு புனையப்பட்ட உள்ளீடும் கவனக்குறைவால் சிதைந்த உள்ளீடும் ஒரே வாயிலில்தான் சோதிக்கப்பட வேண்டும்.

நிரலை நிறுத்திவிடும் பிழையைவிட, நிறுத்தாமல் உள்ளே நுழைந்துவிடும் பிழையே கேடு மிகுந்தது. 03/04/2021 என்னும் தேதி இந்திய வழக்கில் ஏப்ரல் 3 ஆகவும், அமெரிக்க வழக்கில் மார்ச் 4 ஆகவும் படிக்கப்படும். ஆண்டில் இவ்வாறு இருபொருள் படும் நாட்கள் 132 உள்ளன. 12ஆம் நாளுக்குப் பிந்தைய தேதிகளைச் சரியாக ஊகித்துக்கொள்ளும் நிரல், அதே பத்தியிலுள்ள பிற தேதிகளில் நாளையும் மாதத்தையும் ஓசையின்றி இடம் மாற்றிவிடக்கூடும். இங்கிலாந்தில் கொரோனாப் பரிசோதனை முடிவுகள் எக்ஸெலின் பழைய கோப்பு வடிவில் ஏற்றப்பட்டபோது, அவ்வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாததால் 15,841 தொற்றாளர்களின் பதிவுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. இது 2020 அக்டோபர் தொடக்கத்தில்தான் தெரியவந்தது என்பதால் அவர்களோடு தொடர்பிலிருந்தோரைத் தேடும் பணியும் தாமதப்பட்டது. மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை அதே மென்பொருள் தேதிகளாக மாற்றிவந்த சிக்கலோ வேறு வகையில் முடிந்தது: மனித மரபணுப் பெயரீட்டுக் குழு 2020இல் அப்பெயர்களையே திருத்தியமைத்தது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ் எழுத்துகளே நல்ல சான்று. ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். எனவே 'கொடி' என்று தேடுபவருக்கு 'கொடி' கிடைக்காமல் போகலாம். இவ்விரண்டையும் சமமானவை என ஒருங்குறித் தரம் ஏற்பதால், ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்னும் செயல்முறை இதைத் தீர்த்துவிடும். 'ஸ்ரீ'யின் நிலை வேறு. 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்டபின், அவ்வெழுத்தைக் கொண்டும் பழைய வழக்கப்படி ஸகரத்தைக் கொண்டும் அதை எழுத முடிகிறது; பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றினும், தரம் இவற்றைச் சமமெனக் கொள்ளாததால் இயல்பாக்கம் உதவாது. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டும் பழக்கமும் இத்தகையதே. இவற்றுக்குத் தமிழறிந்த ஒருவர் தனி விதி எழுதியாக வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் உருவாக்கிய பழைய கோப்புகளுக்கோ, பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் தெரிவதைத் தமிழாக்கும் மாற்றி முதலில் தேவை.

வருவதை எவ்வளவு தாராளமாக ஏற்பது என்பது நெடுங்கால விவாதம். இணைய நெறிமுறைகளின் ஆவணங்களில் ஜான் போஸ்டல் 1980இல், அனுப்புகையில் கண்டிப்பும் பெறுகையில் தாராளமும் வேண்டும் என்னும் கொள்கையை வகுத்தார். தொடக்கநிலை வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேச அது துணைநின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெறுபவர் பொறுத்துக்கொள்ளும் பிழையை அனுப்புபவர் திருத்துவதில்லை. நாளடைவில் அப்பிழையே வழக்காகி, புதிதாக வருவோரும் அதற்கு இடங்கொடுக்க நேர்கிறது. உலாவிகள் ஒவ்வொன்றும் தவறான எச்டிஎம்எல் பக்கங்களைத் தத்தம் வழியில் சரிசெய்து காட்டியதன் விளைவாக, பிழையான பக்கத்தைப் படிக்கும் முறையையும் எச்டிஎம்எல்5 தரம் விரிவாக வரையறுக்க வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் தரம் இலக்கணப் பிழை கண்டதும் வழக்கமான செயலாக்கத்தை நிறுத்தச் சொன்னது. 2023இல் இணையக் கட்டமைப்பு வாரியத்தின் வழி வந்த ஓர் ஆவணம், போஸ்டலின் கொள்கை நெறிமுறைகளின் நீண்டகால நலனுக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்று வாதிட்டது.

பாதுகாப்புத் துறையில் தாராளத்துக்கு இன்னும் குறைவான இடமே உண்டு. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறைபாட்டில், செய்தியின் நீளம் இவ்வளவு என்று அனுப்புபவர் சொன்னதை ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் ஒப்பிட்டுப் பாராமல் நம்பியதால், நினைவகத்திலிருந்த அயலாரின் கமுக்கங்களும் மறுமொழியில் கசியக்கூடியதாயிருந்தது. எனினும் கண்டிப்பு என்பது கண்டதையெல்லாம் மறுப்பதன்று. ஓ'பிரையன் என்னும் அயர்லாந்துப் பெயரிலுள்ள மேற்குறி தரவுத்தளக் கட்டளையைக் குலைக்கும் என்று அஞ்சி அப்பெயரையே தள்ளும் படிவங்கள் உண்டு. கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் முறையில் அந்த அச்சத்துக்கே இடமில்லை.

நடைமுறையில், உள்ளீடு நுழைகிற இடத்திலேயே அதைத் திட்டமான உள்வடிவுக்கு மாற்றிவிட்டு, மாற்ற இயலாதவற்றைக் காரணக் குறிப்போடு தனியே ஒதுக்கி வைப்பது விரும்பப்படுகிறது. வந்தபடியே உள்ள மூலக்கோப்பும் பாதுகாக்கப்படுகிறது; மாற்று விதியில் பின்னர் பிழை தென்பட்டால், விதியைத் திருத்தி முதலிலிருந்து மீண்டும் ஏற்றுவதற்கு அதுவே மிஞ்சும் வழி.