மாட்டுக்குப் பல், ஜெட்டுக்கு லாக்புக்

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பொங்கி மீனம்பாக்கம் ஓடுதளத்துக்குள்ள வந்ததை நம்ம பக்கத்து ஆளுங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணியில. விமான நிலையத்தைச் சில நாள் மூடியே வச்சிருந்தாங்க. விமானங்கள் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் அரக்கோணம் ராஜாளிக்கும் திரும்பின. அப்போ வந்த படங்களில் ஒண்ணு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது: மழைத்தண்ணிக்கு நடுவுல வாத்து மாதிரி நிக்கிற சின்னச் சின்ன தனியார் விமானங்கள்.

அதுக்கப்புறம் சென்னையில் பழைய கார் வாங்கப் போனவங்க கேட்ட முதல் கேள்வி, "வெள்ளத்துல மாட்டின வண்டியா சார்?" பழைய விமானம் வாங்குறவனும் இதே கேள்வியைத்தான் கேட்பான். ஒரே வித்தியாசம், கார் புரோக்கர் சத்தியம் பண்ணுவார். விமானத்துக்குச் சத்தியம் செல்லாது, காகிதம் வேணும். அந்தக் காகிதத்தோட வரலாறுதான் இந்தப் பதிவு. (நான் ஜெட் வாங்கப் போறேன்னு யாரும் கிளப்பி விடாதீங்க. நமக்கு செகண்ட் ஹேண்ட் ஆக்டிவாவே ஜாஸ்தி.)

பிசினஸ் ஜெட்டுகளில் 'சூப்பர் மிட்சைஸ்'னு ஒரு சாதி உண்டு. உள்ளே நிமிர்ந்து நிக்கலாம், எட்டுப் பத்துப் பேர் வசதியா உட்காரலாம், ஒரு கண்டத்தைக் குறுக்கே தாண்டலாம். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி200-ஐ எடுத்துக்குங்க. ஏறக்குறைய 6,300 கி.மீ. பறக்கும். அதாவது மீனம்பாக்கத்துல ஏறினா துபாய், சிங்கப்பூர் ரெண்டுமே நிக்காம போகலாம். லண்டன்னா வழியில் எங்கயாவது இறங்கி எண்ணெய் ஊத்தணும்.

பேர் கல்ஃப்ஸ்ட்ரீம்னாலும் இதோட பூர்வீகம் வேற. 1963-ல் அமெரிக்காவில் 'ஜெட் கமாண்டர்'னு ஒரு குட்டி ஜெட் பறந்தது. அதைச் செஞ்ச கம்பெனி 1967-ல் நார்த் அமெரிக்கனோட இணைஞ்சது. அவங்ககிட்ட ஏற்கெனவே சேபர்லைனர்னு ஒரு ஜெட் இருந்தது. ஒரே முதலாளி போட்டி ஜெட் ரெண்டையும் வச்சுக்கக் கூடாதுன்னு அமெரிக்கச் சட்டம் குறுக்கே வர, ஜெட் கமாண்டரை இஸ்ரேல் ஏர்கிராஃப்ட் இண்டஸ்ட்ரீஸ் வாங்கிக்கிச்சு. அங்கே அது வெஸ்ட்விண்ட் ஆச்சு, பிறகு அஸ்ட்ரா ஆச்சு, 1997 டிசம்பர் 25-ல் கேலக்ஸியாப் பறந்தது. 2001-ல் கல்ஃப்ஸ்ட்ரீம் அந்தப் பிரிவை வாங்கி ஜி200-னு பேர் மாத்தினாங்க. 2011-ல் உற்பத்தி முடியும்போது மொத்தம் சுமார் 250. ஆக, இந்த வம்சமே செகண்ட் ஹேண்ட்ல கைமாறி வந்ததுதான்!

இன்னொரு விஷயம். ஜி200-ஐ இஸ்ரேலில் கட்டி, வெறும் கூடாக அமெரிக்காவுக்குப் பறக்கவிட்டு, அங்கேதான் சோபா, சமையல் மேடை, ஒயரிங் எல்லாம் வாங்கினவர் இஷ்டப்படி போட்டாங்க. அதனால ஒரே மாடல்னாலும் ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. விளம்பரப் படத்தைப் பார்த்து விலை பேசினா அவ்வளவுதான்.

எங்க ஊர்ப் பக்கம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள்ள கைவிட்டு விலை பேசுறதுக்கு முன்னாடி பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்க, சுழி பார்ப்பாங்க. ஜெட்டுக்கு அந்தப் பல் லாக்புக். பிறந்த நாளிலிருந்து எத்தனை மணி பறந்தது, எத்தனை தடவை இறங்கியது, எங்கே இடிச்சது, எந்தப் பாகத்தை யார் மாத்தினாங்க, எல்லாம் அதில் இருக்கணும். இன்ஜினுக்குள்ள சுத்துற சில தட்டுகளுக்கு ஆயுள் எண்ணி வச்சிருக்கு. இத்தனை சுற்றுக்கு மேல ஓடக் கூடாது. ஓடின கணக்குக்குக் காகிதம் இல்லையா? தட்டு பளபளன்னு இருந்தாலும் அது பழைய இரும்புதான். ஒரு லாக்புக் தொலைஞ்சா விலையில் பெரிய துண்டு விழும்னு சொல்றது இதனால்தான்.

இன்ஜினுக்கு நம்ம சீட்டு கட்டுற மாதிரி ஒரு ஏற்பாடும் உண்டு. பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு டாலர்னு கட்டிக்கிட்டே வந்தா, பெரிய ஓவர்ஹால் வரும்போது செலவை அவங்க பார்த்துப்பாங்க. விற்கிறவர் சீட்டை ஒழுங்கா கட்டியிருக்காரான்னு பார்க்காம வாங்கினா, அவர் பாக்கியையும் சேர்த்துத்தான் வாங்குறோம்.

காரில் 'கம்மியா ஓடின வண்டி' பெருமை. ஜெட்டில் அதுவே சந்தேகம். பல சோதனைகள் மணிக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில் வரும். பறக்காம நின்னா சீல் காயும், டேங்கில் தண்ணி சேரும், துரு பிடிக்கும். நம்ம மாதிரி கடலோர ஊரில், உப்புக் காத்துல, வெட்டவெளியில் நின்ன விமானம்னா தரைப்பலகையைக் கழட்டி, கழிவறைக்கும் சமையல் மேடைக்கும் அடியில் டார்ச் அடிச்சுப் பார்க்கணும். இன்ஜினுக்குள்ள குழாய்க் கேமரா விடணும். இதையெல்லாம் இத்தனை நாள் அந்த விமானத்தைப் பராமரிச்ச பட்டறையிலேயே செய்யச் சொல்றது, பொண்ணு வீட்டுக்காரங்ககிட்டயே பொண்ணைப் பத்தி விசாரிக்கிற மாதிரி.

ஒரு காலத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அமெரிக்கப் படை இங்கே விட்டுப்போன டகோட்டாக்களை நம்ம தனியார் விமானக் கம்பெனிகள் வாங்கித் தள்ளின. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையில் அவற்றைப் பயணிகள் விமானமா மாத்தினாங்க. 1953-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தப்போ கையில் இருந்த 99 விமானங்களில் 74 டகோட்டா. நம்ம நாட்டு விமானப் போக்குவரத்தே பழைய சாமான்ல கட்டினதுதான்னு சொன்னா மிகை இல்லை.

விமானம் நல்லா இருந்தும் செஞ்சவன் கவுந்துட்டா? ஹாக்கர் 4000-னு ஒரு சூப்பர் மிட்சைஸ். கார்பன் இழை உடம்பு, கேபின் அருமை. 2001-ல் முதல் தடவை பறந்தது, வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2008-ல்தான். 2012 மே மாதம் ஹாக்கர் பீச்கிராஃப்ட் திவால் மனு போட்டது, உற்பத்தி நின்னுபோச்சு. வெளியே வந்தது எழுபது சொச்சம். புதுசா ரெண்டு கோடி டாலருக்கு மேல வித்த விமானம், சந்தையில் அதில் சின்ன பங்குக்கு வந்துடுச்சு. பாகத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுறதுங்கிற பயம்தான். அதே 2001-ல் முதலில் பறந்த பம்பார்டியர் சேலஞ்சர் 300 அந்த நேரம் ஓஹோன்னு ஓடிக்கிட்டு இருந்தது.

காகிதம், பராமரிப்பு, வழக்கு மூணும் ஒண்ணா கெட்டா என்ன ஆகும்னு பார்க்க நம்ம நாட்டுலயே உதாரணம் இருக்கு. 1991 ஜூலையில் காண்டினென்டல் ஏவியேஷனோட பழைய போயிங் 720 ஒண்ணு கோளாறோட நாக்பூரில் இறங்கினது. 2015 வரைக்கும், 24 வருஷம், எந்திரிக்கவே இல்லை. கடைசியில் இழுத்துட்டுத்தான் போனாங்க.

அதைவிடப் பேர்போனது விஜய் மல்லையாவோட ஏர்பஸ் ஏ319. இது சூப்பர் மிட்சைஸைவிட ரொம்பப் பெரிசு, ஆனா பாடம் அதேதான். சேவை வரி பாக்கிக்காக 2013-ல் வரித்துறை பிடிச்சு வச்சுது. மும்பையில் நின்னுச்சு. மழை, வெயில், கடல் காத்து. இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு விமான நிலையத்துக்காரங்க பாம்பே ஹைகோர்ட் படி ஏறினாங்க. 2016 ஏலத்தில் அடிப்படை விலை 152 கோடி ரூபாய்னு வச்சாங்க. வந்த ஒரே கேள்வி 1.09 கோடி! ஏதோ தப்பா டைப் அடிச்சுட்டாங்களோன்னு தோணும். ஆனா கேட்டவன் கண்ணில் பார்த்தா அது ஜெட்டே இல்லை. நின்னுபோன சோதனைகளும் திறந்து பார்க்காத இன்ஜினும் சேர்ந்த ஒரு செலவு மூட்டை. வரித்துறை வாங்கின விலையிலிருந்து கீழே எண்ணினது, ஏலம் கேட்டவன் மறுபடி பறக்க வைக்க ஆகிற செலவிலிருந்து எண்ணினான்.

அப்புறமும் ஏலம் விட்டு, 2018-ல் புளோரிடாவிலிருந்து ஏவியேஷன் மேனேஜ்மென்ட் சேல்ஸ்ங்கிற கம்பெனி 34.8 கோடிக்கு எடுத்தது. அந்த விமானத்தோட பதிவு எண் வி.டி.-வி.ஜே.எம்., முதலாளி பேரோட எழுத்துகள். வெளிநாட்டுக்குப் போகும்போது இந்தியப் பதிவை நீக்கியாகணும், உடம்பிலிருந்து அந்த எழுத்தும் அழியும். லாக்புக்கில் மட்டும் அழிக்க முடியாது.