ஹேக்கர்கள் எத்தனை வகை? எத்திக்கல் ஹேக்கிங் குறித்துச் சட்டம் சொல்வது என்ன?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தின் கணினிகள் 2024 ஏப்ரல் மாத இறுதியில் சைபர் தாக்குதலுக்கு உள்ளாயின. இதனால் நோயாளிகளுக்கான கதிர்வீச்சு சிகிச்சை சில நாள்கள் தடைபட்டது. கணினிக்குள் நடக்கும் ஓர் ஊடுருவல் மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரையும் பாதிக்கும் என்பதை இந்த நிகழ்வு உணர்த்தியது.

இத்தகைய தாக்குதல்களைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று, குற்றவாளிகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே பாதுகாப்புக் குறைபாடுகளைக் கண்டறிவது. அந்தப் பணியைச் செய்பவர்களும் ஹேக்கர்கள் என்றே அழைக்கப்படுகின்றனர். ஒரே திறமை, ஒரே கருவிகள் இருந்தும் ஒருவர் காவலராகவும் மற்றொருவர் குற்றவாளியாகவும் கருதப்படுவது எதனால் என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

எத்திக்கல் ஹேக்கிங் என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் கணினி, வலையமைப்பு, இணையதளம் அல்லது செயலியில் உள்ள பலவீனங்களை அதன் உரிமையாளரின் அனுமதியுடன் தேடிக் கண்டறிந்து, அவற்றைச் சரிசெய்ய உதவுவதே எத்திக்கல் ஹேக்கிங், அதாவது நெறிசார்ந்த ஊடுருவல் எனப்படுகிறது. வீட்டைக் கட்டியவர், ஒரு பூட்டுத் தொழிலாளியை அழைத்து, 'இந்தக் கதவைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்' என்று கேட்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

'ஹேக்' என்ற சொல் தொடக்கத்தில் குற்றத்தைக் குறிக்கவில்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கிய மாதிரி ரயில் சங்க மாணவர்கள், ஒரு தொழில்நுட்பச் சிக்கலுக்குக் காணும் சாமர்த்தியமான தீர்வை இச்சொல்லால் குறித்தனர். கணினிக் குற்றங்கள் பெருகிய பின்னரே சொல்லின் பொருள் மாறியது.

தொப்பியின் நிறமும் வகைகளும்

பழைய அமெரிக்கத் திரைப்படங்களில் நாயகன் வெள்ளைத் தொப்பியும் வில்லன் கருப்புத் தொப்பியும் அணிவது வழக்கம். ஹேக்கர்களை வகைப்படுத்தும் பெயர்கள் அங்கிருந்தே வந்தன.

வெள்ளைத் தொப்பி ஹேக்கர்கள்: உரிமையாளரின் அனுமதியுடன், வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் சோதனை செய்பவர்கள். கண்டறிந்த குறைபாட்டை நிறுவனத்திடம் மட்டுமே தெரிவிப்பவர்கள். இவர்களே எத்திக்கல் ஹேக்கர்கள்.

கருப்புத் தொப்பி ஹேக்கர்கள்: பணம், தரவுத் திருட்டு அல்லது நாசவேலைக்காக அனுமதியின்றி ஊடுருவுபவர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

சாம்பல் தொப்பி ஹேக்கர்கள்: தீய நோக்கம் இல்லாவிட்டாலும் அனுமதி பெறாமல் நுழைபவர்கள். குறைபாட்டைக் கண்டறிந்தபின் உரிமையாளருக்குத் தெரிவிப்பார்கள். சிலர் அதற்குக் கட்டணமும் கேட்பார்கள்.

இவை தவிர, புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பச்சைத் தொப்பி என்றும், மென்பொருள் வெளியாவதற்கு முன் அதனைச் சோதிக்க அழைக்கப்படும் வெளியாட்கள் நீலத் தொப்பி என்றும் குறிப்பிடப்படுகின்றனர். பிறர் எழுதிய நிரல்களை விவரம் புரியாமல் இயக்குபவர்களுக்கு 'ஸ்கிரிப்ட் கிட்டி' என்று பெயர். அரசியல் அல்லது சமூகக் கோரிக்கைக்காக இணையதளங்களை முடக்குபவர்கள் 'ஹேக்டிவிஸ்ட்' எனப்படுகின்றனர். அரசுகளின் ஆதரவுடன் உளவு பார்க்கும் குழுக்களும் உண்டு.

திருவனந்தபுரம் கண்ட ஏடிஎம் மோசடி

கருப்புத் தொப்பியினரின் செயல்முறையை 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரம் நேரடியாகக் கண்டது. வெள்ளையம்பலம் ஆல்தரா சந்திப்பில் உள்ள ஓர் ஏடிஎம் மையத்தில், புகையைக் கண்டறியும் கருவி போன்ற தோற்றத்தில் கேமரா மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அட்டைகளின் விவரங்களும் ரகசிய எண்களும் திருடப்பட்டு, போலி அட்டைகள் தயாரிக்கப்பட்டன. வாடிக்கையாளர்கள் திருவனந்தபுரத்தில் இருக்க, அவர்களது கணக்கிலிருந்து மும்பையில் பணம் எடுக்கப்பட்டது. இவ்வழக்கில் ருமேனியா நாட்டைச் சேர்ந்த ஒருவர் மும்பையில் கைது செய்யப்பட்டார்.

அதே ஆண்டில் கேரள காவல்துறையின் 'சைபர்டோம்' மையம் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் செயல்படத் தொடங்கியது. தனியார் நிறுவன வல்லுநர்களும் எத்திக்கல் ஹேக்கர்களும் தன்னார்வலர்களாகக் காவல்துறையுடன் இணைந்து பணியாற்றுவது இதன் தனிச்சிறப்பு. குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் படங்களை இணையத்தில் பகிர்வோரைப் பிடிக்க நடத்தப்படும் 'ஆபரேஷன் பி-ஹன்ட்' நடவடிக்கையிலும் இம்மையத்துக்குப் பங்கு உண்டு. 'கோகான்' என்னும் சைபர் பாதுகாப்பு மாநாட்டையும் கேரள காவல்துறை ஆண்டுதோறும் நடத்திவருகிறது. குற்றம் நடந்தபின் மின்னணுத் தடயங்களை ஆராயும் சைபர் தடயவியல் வள மையம், திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனத்தில் இயங்குகிறது.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

எத்திக்கல் ஹேக்கர் முதலில் எழுத்துப்பூர்வ அனுமதி பெறுகிறார். எந்தக் கணினிகளைச் சோதிக்கலாம், எவற்றைத் தொடக்கூடாது, எந்த நேரத்தில் செய்யலாம் என்பன அதில் வரையறுக்கப்படும். பின்னர் இலக்கைப் பற்றிய தகவல்களைத் திரட்டி, திறந்திருக்கும் வழிகளை ஆராய்ந்து, ஊடுருவ முயல்கிறார். இதுவரை குற்றவாளி செய்வதும் இதையே. வேறுபாடு அடுத்த கட்டத்தில் வெளிப்படுகிறது. குற்றவாளி தடயத்தை அழிக்கிறார். எத்திக்கல் ஹேக்கர் ஒவ்வொரு படியையும் பதிவு செய்து, சரிசெய்யும் வழியுடன் அறிக்கை அளிக்கிறார்.

இதற்குச் சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையாவின் பணி நல்ல எடுத்துக்காட்டு. இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மறந்தவரின் கைபேசிக்கு 6 இலக்கக் குறியீடு அனுப்பப்படும். அதில் 10 லட்சம் சாத்தியங்கள் உண்டு. குறியீடு 10 நிமிடங்களே செல்லும். ஒரே முகவரியிலிருந்து தொடர்ந்து முயன்றால் தடை விழும். ஆனால், ஆயிரம் இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் 2 லட்சம் முயற்சிகளை அனுப்ப முடிந்ததை அவர் 2019-இல் செய்துகாட்டினார். முகவரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் எவரது கணக்கையும் கைப்பற்றலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. குறைபாட்டைச் சரிசெய்த பேஸ்புக் நிறுவனம் அவருக்கு 30,000 டாலர் வெகுமதி அளித்தது. இவ்வாறு குறைபாடுகளைக் கண்டறிவோருக்குப் பரிசளிக்கும் திட்டம் 'பக் பவுன்டி' எனப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதையே தவறாகக் கருதி, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க வகை செய்கிறது. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்தால், 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சைபர் பயங்கரவாதம் தொடர்பான 66-எஃப் பிரிவில் ஆயுள் தண்டனை வரை இடமுண்டு.

இதன்படி, நல்ல நோக்கம் ஒருவரைக் குற்றத் தண்டனையிலிருந்து காக்கக்கூடும். ஆனால், இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து அவரை முழுமையாக விடுவிப்பதில்லை. தமது நோக்கம் நல்லது என்பதைக் காவல்துறையிடமும் நீதிமன்றத்திலும் விளக்க வேண்டிய நிலையும் ஏற்படலாம். சாம்பல் தொப்பியினருக்கு உள்ள ஆபத்து இதுவே. அமெரிக்காவில், நல்லெண்ணத்துடன் பாதுகாப்பு ஆய்வு செய்வோர் மீது கணினி மோசடிச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர வேண்டாம் என்று அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் 2022 மே மாதம் அரசு வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது.

எனவே, ஓர் இணையதளத்தில் குறைபாடு தற்செயலாகத் தென்பட்டால், மேற்கொண்டு உள்ளே சென்று பார்ப்பதோ தரவுகளைப் பதிவிறக்குவதோ கூடாது. சமூக ஊடகங்களில் வெளியிடுவதையும் தவிர்க்க வேண்டும். சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கோ, மத்திய அரசின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்' அமைப்புக்கோ தெரிவிப்பதே பாதுகாப்பான வழி. சைபர் தாக்குதலுக்கு உள்ளாகும் நிறுவனங்கள், அதனை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் கட்டாயமாக உள்ளது.

எத்திக்கல் ஹேக்கர் ஆவது எப்படி?

கணினி வலையமைப்பு, லினக்ஸ் இயங்குதளம், ஏதேனும் ஒரு நிரல்மொழி ஆகியவற்றில் அடிப்படைத் தேர்ச்சி அவசியம். சி.இ.எச்., ஓ.எஸ்.சி.பி. போன்ற சான்றிதழ்கள் வேலைவாய்ப்புக்கு உதவும். பயிற்சிக்கென உருவாக்கப்பட்ட கணினிகளிலும், 'கேப்சர் தி ஃபிளாக்' எனப்படும் போட்டிகளிலும் சட்டச் சிக்கலின்றித் திறமையை வளர்த்துக்கொள்ளலாம். கொல்லம் மாவட்டம் அமிர்தபுரி வளாக மாணவர்களின் 'பயோஸ்' அணி இத்தகைய போட்டிகளில் நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாகத் திகழ்கிறது.

இணையவழிப் பண மோசடிக்கு உள்ளானவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணைத் தொடர்புகொள்ள வேண்டும். எவ்வளவு விரைவில் தகவல் சென்று சேர்கிறதோ, அந்த அளவுக்குப் பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு அதிகரிக்கும்.